மார்கரெட் அம்மாவின் வெள்ளிக்கிழமைகள்

மூக்கண்டப்பள்ளி,
10.6.2025

அன்பு ஜெயப்ரியாவுக்கு,

ஃபெபா எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் ஹாஸ்டலில் இப்போதாவது சோறு வேகிறதா? வார்டன் போனை வாங்கிப் பூட்டி வைக்கிறார் என்று நீ அழுகிறாய். எனக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. போனில் நான் 'ம்' மட்டும்தான் சொல்வேன். எழுதினால் கொஞ்சம் பேச்சு வருகிறது.

கம்பெனியில் இன்னும் ஒயர் கட்டுகிற வேலைதான். பலகை முழுக்க ஆணி அடித்திருக்கும். ஒயரை அந்த ஆணிகள் வழியாக ஓட்டி டேப் சுற்ற வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. வேலைக்குச் சேரும்போது பிரவுசிங் சென்டர் அண்ணன் எனக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தாரே, அதில் கம்பெனி மெயில் தவிர இதுவரை ஒன்றும் வந்ததில்லை. முதன்முதலாக எனக்கென்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியே பார்த்து எழுதுகிறேன், படி:

"அன்பில் தேர்வு செய்யப்பட்டவரே, உங்கள் மீது நல்ல நாள். நான் திருமதி மார்கரெட் ஓல்சன், இறந்துபோன என் கணவரின் விதவை. நான் ஏழு மாதத்திற்கு மேல் நீடிக்க மாட்டேன் என்று என் மருத்துவர் என்னைப் பாராட்டினார். இதைக் கனமான கண்ணீருடன் தட்டுகிறேன். என் புற்றுநோய் நல்ல முன்னேற்றத்தில் உள்ளது. எனக்குக் குழந்தை இல்லை. நாய் இருந்தது, அதுவும் காலாவதியானது. என் பக்கத்தில் யாரும் இல்லாததால் உங்களை என் அடுத்த உறவினராக ஆக்குகிறேன். உடனடியாக சுவாசிக்கவும். உங்கள் அவசர மௌனத்திற்குக் காத்திருக்கிறேன்."

இதற்குக் கீழே பணம், பெட்டி, வக்கீல் என்று நிறைய இருந்தது. அதெல்லாம் எனக்கு எதற்கு? படிக்கவில்லை.

தமிழ் ஒரு மாதிரி இருக்கிறது, உண்மைதான். ஆனால் என் ரூமில் இருக்கிற ஒடிசாப் பெண், தண்ணீர் தீர்ந்துபோனால் "அக்கா, தண்ணி செத்துப்போச்சு" என்கிறாள். கேட் வாட்ச்மேன் தெலுங்கில் ஆரம்பித்து தமிழில் முடிப்பார். ஓசூரில் இப்படிப் பேசுகிறவர்கள்தான் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சாகக் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரம்மா தமிழ் கற்று எழுதும்போது நான் சிரிப்பேனா? எனக்கு அழுகைதான் வந்தது.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று பதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஜெபச் சீட்டும் போட்டேன். உனக்குத் தெரியாதே, யாருக்காவது கஷ்டம் என்றால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பாஸ்டர் எடுத்து வாசிப்பார். எல்லோரும் ஜெபிப்பார்கள். எட்சன் பாஸ்டர் மைக்கில், "சகோதரி ஃபெபா மூலமா தூர தேசத்திலிருந்து ஒரு விண்ணப்பம்" என்றார். அத்தனை தலையும் திரும்பியது. இரண்டு வருஷமாகக் கடைசிப் பாயில் உட்காருகிறேன். என் பெயரே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் கம்பெனி கேன்டீனில் சமைக்கிற சாந்தம்மா அக்காவும் அதே சபைதான். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாவுக்கு யாருமே இல்லியா கண்ணு? நான் ஏழு வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கேன், போ" என்றார்.

நீ நர்சிங்கை இங்கிலீஷில் படிக்கிறாய். மார்கரெட் அம்மாவுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்பு. நான் பார்த்து எழுதி அனுப்பிக்கொள்கிறேன்.

உன்
ஃபெபா


கிருஷ்ணகிரி,
20.6.2025

ஏ லூசு ஃபெபா,

கட்டிலிலிருந்து விழாத குறைதான்! கோபித்துக்கொள்ளாதே, ரூமில் ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன். மருத்துவர் பாராட்டின இடத்தில் முத்துமணி குடித்த ரசத்தைத் துப்பிவிட்டாள். இப்போது வார்டுக்குக் கிளம்பும்போது நாங்கள் 'போய்ட்டு வரேன்' சொல்வதில்லை. "உடனடியாக சுவாசிக்கவும்" என்றுதான் சொல்கிறோம். நேற்று ஒருத்தி பேஷன்ட் முன்னாலேயே சொல்லி சிஸ்டரிடம் திட்டு வாங்கினாள்.

அடியே, அதை மனுஷி யாரும் எழுதவில்லை. ஏமாற்று மெயில் அது. ஒரே கடிதத்தை லட்சம் பேருக்கு அனுப்புவார்கள். இங்கிலீஷில் இருப்பதை மெஷின் தமிழாக்கிப் போடும். அதனால்தான் நாய் காலாவதியானது! எங்கள் சாருக்கும் இதே மார்கரெட் எழுதியிருக்கிறாள். அங்கே அவளுக்கு நாய் இல்லை, பூனை. பதில் போட்டால் கொஞ்ச நாளில் ஆதார் கேட்பார்கள், பேங்க் நம்பர் கேட்பார்கள். எதையும் கொடுத்துத் தொலைக்காதே.

பத்தாவதாவது முடித்திருந்தால் இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான் அப்போதே தலைதலையாக அடித்துக்கொண்டேன், ஒன்பதாவதோடு நிறுத்தாதே என்று.

இன்னும் வந்தால் அனுப்பு. ரூமே காத்திருக்கிறது.

ஜெயப்ரியா


மூக்கண்டப்பள்ளி,
29.6.2025

அன்பு ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கோபம் இல்லை. பாத்ரூமில் போய் நின்று மறுபடி படித்தேன். நம் அஞ்செட்டியிலிருந்து பஸ் கிடைக்காமல் என் படிப்பு நின்றது உனக்குத் தெரியும். நீ உன் மாமா வீட்டில் தங்கிப் படித்தாய், எனக்கு ஓசூரில் மாமா இல்லை. இதைச் சண்டைக்குச் சொல்லவில்லை.

நீ சொன்னது சரிதான். நேற்று மறுபடி வந்தது: "உங்கள் ஜெபம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது. அது செல்லுபடியாகவில்லை. உங்கள் தாயின் கன்னிப் பெயரையும் வங்கியின் முகத்தையும் அனுப்பவும்." இதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு முகமெல்லாம் எரிந்தது. இந்தப் பொம்மைக்காகத்தான் ஒரு சபையே முழங்காலில் நின்றது.

என் கஷ்டம் இனிமேல்தான். சாந்தம்மா அக்கா மூன்று வெள்ளி முடித்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இருநூறு பேருக்குச் சமைத்துவிட்டுத் தான் ஒரு வாய் வைக்காமல் நிற்கிறார். தட்டை நீட்டினால் முதல் கேள்வி, "மார்கரெட்டம்மா எப்படி இருக்காங்க?" நேற்று எப்படியாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் என் லைனில் வேலை செய்கிற பிள்ளைகள் நின்றார்கள். "கொஞ்சம் தேறியிருக்காங்க அக்கா" என்று வந்துவிட்டது.

அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் பாஸ்டர் காதுக்குப் போய்விட்டது. எங்கள் சபையில் ஜெபம் கேட்கப்பட்டால் சும்மா இருக்கக் கூடாது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும், அதற்குச் சாட்சி என்று பெயர். ஜூலை 13 சாட்சி ஞாயிறு. என் பெயரை எழுதிக்கொண்டார். "பயப்படாதம்மா, நாலே வார்த்தை" என்றார்.

நான் என்ன செய்யட்டும்? ஊருக்கு ஓடி வந்துவிடலாமா என்று இருக்கிறது. இந்தக் கடிதத்தையாவது யாருக்கும் வாசிக்காதே.

ஃபெபா


கிருஷ்ணகிரி,
4.7.2025

ஃபெபா குட்டி,

படிப்பு விஷயம் நான் எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.

இதற்குப் போய் ஓடுவாயா? ரொம்ப சுலபம். மார்கரெட்டைக் கொன்றுவிடு. எழுந்து நில், 'தேறி வந்தாங்க, திடீர்னு தூக்கத்துலயே போயிட்டாங்க, நிம்மதியா போனாங்க' என்று சொல், உட்கார். உபவாசமும் முடிந்தது, அக்காவும் சாப்பிடுவார். இல்லாத ஒருத்தி செத்தால் யாருக்கு நஷ்டம்? எங்கள் வார்டில் தினம் பார்க்கிறேன், செத்துப்போனவர்களைப் பற்றி யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடாதே. நீ அங்கே தினமும் சாப்பிட வேண்டும், வேலை செய்ய வேண்டும். பேர் கெட்டால் ஒட்டிக்கொள்ளும்.

உன் போன கடிதத்தை யாருக்கும் வாசிக்கவில்லை. சத்தியம்.

ஜெயா


மூக்கண்டப்பள்ளி,
18.7.2025

அன்பு ஜெயாவுக்கு,

நீ சொன்னபடியே செய்வதாகத்தான் இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். 'தூக்கத்துலயே போயிட்டாங்க.' நன்றாக வந்தது.

பதினொன்றாம் தேதி, ஐந்தாவது வெள்ளி, சாந்தம்மா அக்கா கேன்டீனில் மயங்கி விழுந்துவிட்டார். கொதிக்கிற சாம்பார் குண்டானில் பட்டு முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. கம்பெனி நர்ஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். நான் ஓடினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும், "இன்னும் ரெண்டுதான் கண்ணு, விட மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதில் என் மூச்சுதான் முதலில் கேட்டது. முன் வரிசையில் அக்கா கையில் கட்டோடு, சந்தோஷத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரிடம் இன்னொரு பொய்யைச் சொல்லி, அதற்கும் இவரை அழவைத்து, அந்த அழுகையையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றிவிட்டது.

"மார்கரெட்னு யாரும் இல்லீங்க" என்றேன். "அது ஏமாத்து மெயில். அது தெரியாம சீட்டு போட்டேன். தெரிஞ்ச பிறகும் தேறிட்டாங்கன்னு பொய் சொன்னேன்."

வாலிபர்கள் உட்காரும் பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அது பரவிவிட்டது. குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தன. பாஸ்டர் மைக்கை வாங்கி, "எந்த ஜெபமும் வீணாகாது" என்று சொல்லிப் பாட்டு ஆரம்பித்தார். பாவம், அவர் முகமும் சிவந்திருந்தது. சாந்தம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டு முடிவதற்குள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கள் முதல் லைனில் எனக்கு 'மார்கரெட்' என்றுதான் பெயர். "மார்கரெட், டேப் எடு." "மார்கரெட், நாய் எப்படி இருக்கு?" நீ சொன்னது பலித்தது, பேர் ஒட்டிக்கொண்டது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அக்கா என் தட்டில் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. அளவு குறைக்கவும் இல்லை. அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புதன்கிழமை பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றேன். "அக்கா, திட்டிருங்க" என்றேன். ரொம்ப நேரம் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "என் பொண்ணு சரிதா பெங்களூருல இருக்கா. மூணு வருஷமா பேசறதில்ல. அவளுக்காகத்தான் நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பேன், மூணு வருஷமா. நீ சீட்டு போட்ட அன்னைக்கு, பாவம், இந்தம்மாவுக்கு யாருமே இல்லியே, என் பொண்ணு கொஞ்ச நாள் பொறுத்துக்குவான்னு நெனச்சேன். அவ வெள்ளிக்கிழமைய எடுத்து அந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன்."

"தெரியாதுக்கா" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லல" என்றார். "தெரிஞ்ச பிறகும் ஏன்டி என்னைப் பட்டினி போட்ட?"

வெட்கம்தான் காரணம் ஜெயா. என் வெட்கத்துக்காக ஒரு மனுஷி பட்டினி கிடந்து கையைச் சுட்டுக்கொண்டாள். இத்தனை வருஷம் கூச்ச சுபாவம் என்றால் நல்ல பிள்ளை என்று அர்த்தம் என நினைத்திருந்தேன்.

உன் மேல் வருத்தம் இல்லை. ஆனால் உன் ரூம் சிரிக்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த மெயில் ஐடியை மூடிவிட்டேன். நீ எழுது. உன் வார்டைப் பற்றி, உன்னைப் பற்றி. நானும் என்னைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று வெள்ளி. மதியம் நான் கேன்டீனுக்குப் போகவில்லை. பலகை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா தட்டோடு லைனுக்கே வந்துவிட்டார்.

"சாப்புடு."

"இன்னைக்கு வேண்டாங்க்கா."

"ஏன், உடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கேன். உங்க பொண்ணு பேரு சரிதாதானே?"

அவர் தட்டை என் பலகையின் ஓரத்தில் வைத்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி, "ஆறு மணிக்கு மேல சாப்புடலாம். அதுக்கு மேல இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மணி ஐந்தரை.

ஃபெபா