முப்பத்தேழு கோடுகள்

தேற்றாத்தீவு

அன்புள்ள மச்சான்,

இன்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஏச்சு வாங்கினேன். வயிற்றில் பிள்ளை அசையும்போதெல்லாம் கோடு போடச் சொல்லித் தந்த அட்டையைப் பார்த்து, "என்ன புள்ள இது? பத்து அசைவு வந்தா எண்ணுறத நிப்பாட்டச் சொன்னேனே, ஒரே நாளில நாப்பத்தேழு கோடு போட்டிருக்கீங்க!" என்றார். பிறகு அவரே சிரித்தார்.

ரொட்டி விற்க வரும் பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டதும் உதைக்கத் தொடங்கும் உங்கள் பிள்ளை நிறுத்துவதே இல்லை. நான் மட்டும் எப்படி நிறுத்துவது?

போன தடவை, அந்தப் பிள்ளையின் அசைவு குறைந்தபோது, எனக்கு எண்ணத் தெரியவில்லை. அதை விடுங்கள்.

போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் கடிதம். மிஸ்ஸிடம் சொல்லாததைக் கேளுங்கள்: பத்து எனக்குப் போதும். மிச்சம் முப்பத்தேழும் கட்டாருக்கு வேலைக்குப் போன உங்கள் பங்கு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேர்