கழுத்துப் பட்டை

செவ்வாய்க்கிழமை இரவு, குன்னூர்

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று என் சீனியர் வக்கீலிடம் பொய் சொல்லிவிட்டு, நேற்று வேறொரு வக்கீலிடம் வேலை கேட்டுக் கோயம்புத்தூர் போனேன். பழக்கதோஷத்தில் கோர்ட்டு உடையிலேயே போய்விட்டேன். "இது கோர்ட்டு இல்லீங்களே" என்று அந்த வக்கீல் அலுவலகத்தில் சிரித்தார்கள். கூச்சத்தில் கழற்றிய வெள்ளைக் கழுத்துப் பட்டையை அங்கேயே நாற்காலியில் மறந்துவிட்டு பஸ் ஏறினேன்.

இன்று காலை அது இங்கே, சீனியரின் ஆபீசில், என் மேஜை மேல் இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு. ஓரத்தில் நான் போட்ட நீல நூல் தையல். என்னுடையதேதான்.

குமாஸ்தா அண்ணனிடம் கேட்டேன். "நான் கதவைத் தொறக்கறப்பவே இருந்துச்சுங்க மேடம். இன்னொரு சாவி சார்கிட்டத்தானுங்க இருக்குது."

சீனியர் வந்தார். கேஸ் கட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அம்மாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்குது?"

"தேவலைங்க சார்."

"கீழ கோயம்புத்தூர்ப் பக்கம் கூட்டிட்டுப் போயிராத. வெயில் ஒத்துக்காது."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்க, கேட்டுவிட மாட்டாரா என்று இருந்தது.

பகலெல்லாம் அந்தப் பட்டையைத் தொடக் கூசியது. இப்போது வீட்டில் கண்ணாடி முன் கட்டிப் பார்த்தேன். மூச்சு முட்டியது. பின்னால் இருக்கும் கொக்கியை யாரோ ஒரு விரலளவு உள்ளே தள்ளித் தைத்திருக்கிறார்கள்.

அதே நீல நூலில்.