சாம்பிராணித் தட்டோடு ஓடினேன்

அன்புள்ள உம்மாவுக்கு, சலாம். வாப்பாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் பினாங்கில் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

ஒரு விஷயம் கேளுங்கள், பயப்படக் கூடாது! சூலியா தெருவே இப்போது என்னைப் பற்றித்தான் பேசுகிறது. நம் வீட்டைப் போலவே எங்கள் சாப்பாட்டுக்கடை முதலாளியும் வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, பரக்கத் பெருகட்டும் என்று கடை முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். இந்த வாரம் கனல் தகதகக்கும் தட்டோடு அடுப்படிக்குள் நுழையப் போனார். அந்தப் புகையையும் மீறி எனக்குக் கேஸ் நாற்றம் அடித்தது. யோசிக்கவே இல்லை, தட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்!

"டேய் அசாரு, பரக்கத்தைத் தூக்கிக்கிட்டு எங்கடா ஓடுறே?" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

"கேஸ் கசியுது முதலாளி!"

வால்வை மூடிவிட்டுப் பார்த்தால், ரப்பர் டியூப் கீறல் விட்டிருந்தது. இப்போது வருகிறவர்களிடமெல்லாம், "இவன்தான் கடைய காப்பாத்துனான்லா" என்கிறார். எனக்கு உள்ளங்கையில் லேசான சூடுதான். எழுத வருகிறது, பாருங்கள்.

நம் வீட்டு டியூப் நான் பயணம் கிளம்பும் முன்பே போட்டது. வாப்பாவிடம் சொல்லி உடனே மாற்றுங்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உங்களுக்கு வாசனையே தெரிவதில்லை. கறி தீய்ந்தால்கூட நான்தானே வாசலிலிருந்து கத்துவேன்? இனி சாம்பிராணி போடும் முன் ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டு ரஹீமா மாமியை அடுப்படியில் மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். வியாழக்கிழமை கனல் மூட்டும் முன் எனக்கும் ஒரு போன் போடுங்கள், உம்மா. போனில் வாசனை வராதுதான். இருந்தாலும் போடுங்கள்.

உங்கள் மகன்,
அசாருதீன்