ஆணி இறங்காத டயர்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, காது வலி இல்லாமல், அந்தக் குளிரில் தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். என் முட்டிகளைத் தவிர நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே, கட்டைவிரலில் பெரிய கட்டு, அது எப்படி வந்தது என்பதும் இதிலேயே வரும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பத்து நிமிஷம் அவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள், கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே கோளாறு நமக்குத்தானோ என்று தோன்றிவிடும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு வருஷமாகவே. போன வியாழக்கிழமை சைக்கிளில் போனவள் தொலைந்துபோய்ச் சாயங்காலம்தான் கிடைத்தாள். அதற்கு நீ பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த அந்த டயர்தான் காரணம். உன் மேல் தப்பே இல்லை, மூன்றில் அதைத் தேர்ந்தெடுத்த மேதாவி நான்.

உனக்குத் தெரியும், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அம்மா காலையில் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவாள், பழைய நோயாளிகள் நாலு பேருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, இரண்டு வீட்டு ஊர்வம்பையும் கேட்டுக்கொண்டு பதினொரு மணிக்குத் திரும்புவாள். நானும் கடையில் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் தெர்மாமீட்டர் அரிசி டப்பாவில் கிடந்தது. உனக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்டாள், நீ வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இது இனிமேல் குறையாது, மெதுவாகப் போனால் சந்தோஷப்படுங்கள் என்றார். நீ அப்போதுதான் வேலை மாறியிருந்தாய், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மறைத்தேன். தப்புதான், திட்டிக்கொள்.

இப்போது டயர் கதைக்கு வருகிறேன். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் அந்த சோபா தைக்கிற பட்டறைகள் இருக்கிற தெரு இருக்கிறதே, அங்கே ரோடெல்லாம் சின்னச் சின்ன ஆணி, பின்னு. அம்மாவின் சைக்கிள் மாதம் இரண்டு தடவையாவது அங்கே பஞ்சர் ஆகும். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே, வேலை செய்யும்போதெல்லாம் விசிலடிப்பாரே, அந்த விசில்காரர் எனக்குப் போன் போடுவார், அக்கா இங்கதான் இருக்காங்க, ஒட்டி அனுப்பிடறேன் என்று. ஒவ்வொரு தடவையும் நான் பல்லைக் கடிப்பேன். இதைத்தானே நான் உன்னிடம் புலம்பினேன், நீயும் உடனே நல்ல டயராகப் பாருங்கள் அப்பா, ஒரே கம்பெனியில் மூன்று ரகம் இருக்கிறது, அம்மா பிறந்தநாளுக்கு என் பரிசு என்று எழுதிப் பணமும் அனுப்பினாய். என் புத்தியைத்தான் உனக்குத் தெரியுமே. பதினைந்து நாள் ஆராய்ச்சி பண்ணி, கட்டம் போட்டு அட்டவணை எழுதி, அதை லேமினேட் வேறு செய்து வைத்தேன். முதல் ரகம் பஞ்சுபோல லேசு, ஆனால் உள்ளே தடுப்புப் பட்டை கிடையாது. இரண்டாவதில் மெல்லிசாக ஒரு பட்டை. மூன்றாவதில் விரல் தடிமனுக்குப் பட்டை, ஆணி கிட்டவே வராது என்று விசில்காரர் தன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அம்மா மூன்றையும் கடை சைக்கிளில் ஒவ்வொரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். முதலாவது நல்லா இருக்கு, தரையைத் தொடறதே தெரியலை என்றாள். மூன்றாவது மாவு மூட்டையை உருட்டுற மாதிரி இருக்கு, வேண்டவே வேண்டாம் என்றாள். அதோடு அது கறுப்பில்தான் வருமாம், அவள் சைக்கிளோ கரும்பச்சை, சீட்டும் கைப்பிடியும் பழுப்பு, டயரின் பக்கமும் பழுப்பாக இருந்தால்தான் பொருந்தும், இல்லையென்றால் சீட்டும் டயரும் சண்டை போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும் என்று ஒரே பிடிவாதம். நானா விடுவேன். மூன்றாவது ரகத்திலேயே பழுப்புப் பக்கம் வைத்தது எங்கேயாவது கிடைக்குமா என்று விசில்காரரைப் பிடுங்கி எடுத்தேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. முன்னால் அதை மாட்டி, பின்னால் கறுப்பை மாட்டிக் கொண்டுவந்தேன். ஒரு காலுக்கு ஷூ, ஒரு காலுக்குச் செருப்பா என்று சொல்லிவிட்டு அம்மா மூன்று வாரம் சைக்கிளைத் தொடவே இல்லை, நடந்தே போனாள். நடந்து போனதால் நம் தெருவைத் தாண்டவில்லை, மதியத்துக்குள் வீட்டில் இருந்தாள். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தினமும் போன் போட்டு இரண்டாவது பழுப்பு டயரையும் வரவழைத்து, மாட்டி, ஜோடி எவ்வளவு பொருத்தம் பார் என்று உனக்குப் படமும் அனுப்பினேன்.

நாலு மாதம் ஒரு பஞ்சர் இல்லை. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். வியாழக்கிழமை பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஆளைக் காணோம். போனை எப்போதும்போல் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். விசில்காரர் அக்கா காலையிலேயே பாலம் ஏறிப் போனாங்களே, கூப்பிட்டேன், அவசரம்னு கைகாட்டிட்டுப் போயிட்டாங்க என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் நமக்கு யார் இருக்கிறார்கள் சொல். போலீஸில் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், கடை வாசலில் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். நாலரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள், பஸ் ஓட்டுகிறவளாம், வேலை முடிந்து வந்தால் வாசலில் ஒரு அம்மா பையைத் திறந்து வைத்துக்கொண்டு வெந்நீர் கேட்கிறார்கள், காலில் புண் இருக்கிறவர் எங்கே என்கிறார்கள், நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தே எட்டு வருஷமாகிறது என்றாள். ஹேண்டில்பாரில் நான் லேமினேட் செய்து கட்டியிருந்த என் போன் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள், அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். இருபத்திரண்டு கிலோமீட்டர், வாண்டு. விசில்காரர் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது சைக்கிளைப் பின்னால் போட்டு நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டயரில் மூன்று ஆணி குத்தி நின்றது. நகத்தாலேயே பிடுங்கினேன், மூன்றும் வந்துவிட்டது, ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. பழைய டயராக இருந்தால் முதல் ஆணியிலேயே எனக்குப் போன் வந்திருக்கும். வருஷம் முழுக்க நான் சபித்த பஞ்சர்தான் அவளைப் பாலம் ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது.

அதற்கப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தேன். சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்தேன். அவள் பையைத் தோளில் மாட்டியபடி சைக்கிள் பக்கத்திலேயே ஒரு மணி வரைக்கும் நின்றாள், ஊசிக்கு நேரமாச்சு, ஊசிக்கு நேரமாச்சு என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சினாள், என்னால் பார்க்க முடியவில்லை, திறந்துவிட்டேன். இருக்கிற இடத்தைக் காட்டுகிற கைக்கடிகாரம் வாங்கிக் கட்டினேன். புண்ணைத் தொடுகிற கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று கழற்றி வைத்துவிடுகிறாள், முப்பது வருஷப் பழக்கம், நான் என்ன சொல்ல. கூடப் போக என் முட்டி விடாது. விசில்காரரிடம் போய்ப் பழைய டயரையே மாட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் விசிலை நிறுத்திவிட்டு, அக்கா வெயில்ல உருட்டிட்டு வரட்டும்கிறீங்களா, நான் மாட்டமாட்டேன் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே. எனக்கு ஒன்றும் புரியவில்லை, வாண்டு. இத்தனை வயசுக்கு இப்படிக் கையாலாகாதவனாக நான் நின்றதே இல்லை.

இன்று காலை அவள் உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தபோது பைண்டிங் தைக்கிற பெரிய ஊசியை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்தேன். திருடன் மாதிரிதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், இறங்கவில்லை, முழு பலத்தையும் போட்டேன். டயருக்குள் போகாத ஊசி பின்பக்கமாக என் விரலுக்குள் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தாள். விரலைப் பார்த்ததும் தன் பையைத் திறந்தாள். ஐயா பயப்படாதீங்க, சின்னக் குத்துதான் என்றாள். கழுவினாள், மருந்து வைத்தாள், துணியைச் சுற்றி அந்தச் சின்ன முடிச்சைப் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா என்னை ஜெராக்ஸ்காரரே என்று கூப்பிட்டிருக்கிறாள், கோபம் வந்தால் இந்தாங்க என்பாள், ஐயா என்று சொன்னதே இல்லை. பையை மூடிக்கொண்டே, வீட்ல உங்களுக்கு யாரும் இல்லையாய்யா, ஊசியெல்லாம் நீங்களேவா எடுக்கணும் என்று கேட்டாள். ஒரே பொண்ணு, தூரத்துல இருக்கா என்றேன். முடியலைன்னு எழுதிப் போடுங்கய்யா, ஒளிக்காதீங்க, வந்துடுவா என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் பேச்சைத் தட்டினாலும் நர்ஸ் பேச்சைத் தட்டக்கூடாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னால் முடியவில்லை, வாண்டு. வா.

இந்த வரி எழுதும்போது சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது, தானாகவே வந்துவிட்டாள். இன்றைக்கு வந்துவிட்டாள். என் விரலைத் தூக்கிப் பார்த்து, என்ன ஜெராக்ஸ்காரரே இது, யார் கட்டினது, ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்களே என்கிறாள். ஒரு நர்ஸம்மா என்று சொல்லியிருக்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை எடுத்ததும், நான் வாண்டு பேசறேன், உங்க பொண்ணு என்று முதலில் சொல்லிவிடு.

நனைக்கக்கூடாத கட்டோடு,
உன் அப்பா