அவ்வளவுதான் மேடம்

அன்புப் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இதை உங்கம்மாவின் பெட்டியில், உனக்கென்று தைத்த பருத்தி நைட்டிகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். நாளை மதியம் அவளுக்கு விமானம். நீ இதைப் பிரிப்பதற்குள் அவள் எல்லாவற்றையும் அவள் பாணியில் சொல்லி முடித்திருப்பாள். சொல்லட்டும், அவள் சொன்னால் கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் என்னுடையதையும் பொறுமையாகப் படி. கிட்டத்தட்ட முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்த கை இது, பதிவேட்டில் 'கதவு சென்சார் பழுது, மாற்றப்பட்டது' என்று ஒரு வரி எழுதிப் பழகியது. நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

விசாவுக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் நான் தோற்றதும் உங்கம்மா பாஸானதும் உனக்குத் தெரியும். ரிசல்ட் வந்த அன்று போனில், "மார்க் பத்தலம்மா" என்றேன். நீயும், "பரவாயில்லப்பா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாய். அதோடு விட்டோம். உன் சித்தப்பா மட்டும் விடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அண்ணன் இங்கிலீஷ் மேனுவலை மனப்பாடமாச் சொல்வாரு, அண்ணி கடையில துணி விக்கிறவங்க, பாஸானது அண்ணி" என்று சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்க வேண்டிய விஷயம்தான். உங்கம்மாவுக்கு ஒரு வினைச்சொல் உருப்படியாக வராது, நேற்று நடந்ததற்கும் நாளை நடக்கப்போவதற்கும் ஒரே சொல்தான். ஆனால் ஒரு போர்வை கேட்டு வந்தவருக்கு மூன்று போர்வையும் தலையணை உறையும் விற்று அனுப்புகிறவளுக்குப் பேச்சா வராது?

பயிற்சி வகுப்பில் டீச்சர் எனக்கு ஆரம்பத்திலேயே சொன்னார். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "சார், உங்க இலக்கணம் சுத்தமா இருக்கு. ஆனா கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டு வாயை மூடிக்கிறீங்க. ஏன், எப்போ, யாரோட, அப்புறம் ஒரு உதாரணம், இதெல்லாம் சேத்துச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷமாவது பேசினாத்தான் மார்க்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். என் வேலையைப் பற்றிப் பேச முடிந்தது. காலை நடையைப் பற்றிப் பேச முடிந்தது. உன்னைப் பற்றிப் பேசிப் பார்க்கவேயில்லை. சொந்த மகளைப் பற்றிப் பேச எதற்குப் பயிற்சி என்று இருந்துவிட்டேன்.

தேர்வு அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குரலைப் பதிவு செய்ய ஒரு கருவி. எதிரே கண்ணாடி போட்ட ஒரு அம்மா, முகத்தில் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தார். மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார், ஊர் பெயரைச் சொன்னேன். எப்படிப்பட்ட வீடு என்றார். மாடி வீடு என்றேன். எத்தனையாவது மாடி, ஜன்னலில் என்ன தெரியும், வேலைக்கு எதில் போகிறாள், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, பொடிசு. இங்கிலீஷ் வராமல் நிற்கவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பேன். கடைசியாக, உங்கள் குடும்பத்தில் எடுத்த ஒரு முக்கியமான முடிவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். என் மகள் நர்ஸிங் படித்தது, நல்ல முடிவு என்றேன். யார் எடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன் என்று பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். "அவ்வளவுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உங்கம்மா உள்ளே போனவள் வர நேரமாயிற்று. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சொதப்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து நானும் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அவளே, "எனக்கும் அந்த முடிவுக் கேள்விதான் வந்துச்சு. நம்ம பொண்ணு படிக்கட்டுல உக்காந்திருந்ததைச் சொன்னேன்" என்றாள். எந்தப் படிக்கட்டு என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம், பதினோரு வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் சொல்லிவிடக் கூடாது என்றுதானே சத்தியம், அவள் சொன்னது பரீட்சை வைத்த அம்மாவிடம். அவரிடம் சொன்ன பிறகு என்னிடம் மறைக்க அவளால் முடியவில்லை.

அந்த நாள் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு மாடி இன்ஷூரன்ஸ் ஆபீஸ், லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றுபோயிருந்தது. நான் அதன் கூரைமேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் நாலாவது மாடிப் படியில் நீ பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். "என்ன பொடிசு, சட்டுனு சொல்லு, கையில வேலையிருக்கு" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, சும்மா உங்களைப் பாக்க வந்தேன்" என்றாய். சரி என்று திரும்பிக்கொண்டேன். நீ ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். நான் இறங்கி வந்து கூட வேலை பார்த்த வயர்மேனிடம், "பாத்தியா, அப்பனைப் பாக்கணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கா, அதான் பொண்ணுங்கறது" என்று பெருமையடித்தேன். இத்தனை வருஷமும் மனசு சரியில்லாதபோதெல்லாம் நான் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்ட நாள் அது. உன் பைக்குள் கணக்குப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்த கடிதம் இருந்தது என்றும், நர்ஸிங் வேண்டாம் என்று சொல்ல அன்றுதான் கடைசி நாள் என்றும் அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

"நீயாவது அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று உங்கம்மாமேல் பாய்ந்தேன். அவள் கத்தவில்லை. "சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? பாக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்பீங்க" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது பொய்யென்று சொல்ல ஒரு உதாரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம். வெயிலில் திரும்பி நடந்தே வந்தோம்.

நர்ஸ் வேலை கெடுதல் என்று சொல்லவில்லை. உன்னால் எத்தனையோ பேர் எழுந்து நடமாடுகிறார்கள், அது எனக்குப் பெருமைதான். ஆனால் நீ கணக்கு வாத்தியார் ஆகியிருந்தால் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பத்தாவதில் நீ கணக்குப் போடும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாய், விடை வந்ததும் நோட்டை என் பக்கம் திருப்புவாய். நான் "ம்" என்பேன். அந்த "ம்"முக்குப் பதிலாக, எப்படிப் போட்டாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், பயப்படாதீங்க, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க என்று வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வாய் ஓய்ந்துவிடும். களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். களைப்பு கொஞ்சம்தான் பொடிசு, மிச்சம் பழக்கம்.

ரிசல்ட் வந்து நாலு நாள் கழித்து மறுபடி வகுப்புக்குப் போனேன். தேர்வில் எந்தக் கேள்வியில் நின்றேன் என்று டீச்சர் கேட்டார், சொன்னதும் அந்த முடிவுக் கேள்வியையே மறுபடி எடுத்தார். எழுந்து நின்று அந்தப் படிக்கட்டைச் சொன்னேன். நீ போட்டிருந்த பச்சைச் சட்டை, மடியிலிருந்த பை, நான் திரும்பிக்கொண்டது, வயர்மேனிடம் பெருமையடித்தது, ஒன்றும் விடவில்லை. நடுவில் இலக்கணமெல்லாம் உங்கம்மா மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தன் தண்ணி பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆறு நிமிஷம் பேசினேனாம். "இப்படிப் பேசினா கண்டிப்பா பாஸ் சார்" என்றார் டீச்சர். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி வீட்டில் எல்லாம் வழக்கம்போல்தான். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது, நானே பிரித்துப் போட்டிருக்கிறேன். கீழ்வீட்டுத் தபால்காரர் ரிடையராகிவிட்டார், என்னோடு காலையில் நடக்க வருகிறார். சாப்பாட்டுக்கு நான் சமாளித்துக்கொள்வேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உங்கம்மாவுக்குக் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, மறக்காமல் கொடு. கேட்டால் போட்டாச்சு என்பாள், அட்டையை வாங்கி எண்ணிப் பார். மாடிப்படியை வேகமாக ஏற விடாதே. நீ இனிமேல் நின்றுகொண்டே பார்க்கும் டியூட்டி எடுக்காதே, காலை உயரத் தூக்கி வைத்துக்கொள். உனக்கே தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மறுதேர்வுக்கு விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். போன முறை நீயும் உங்கம்மாவும் பேசி முடிவு செய்தீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். என் பேரப்பிள்ளையைப் பார்க்க நான் வருவது உனக்கு விருப்பமா என்று யாரும் உன்னைத் தனியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உடனே சொல்ல வேண்டாம். பிள்ளை பிறந்து, உடம்பு தேறி, உனக்கு எப்போது மனது வருகிறதோ அப்போது போன் செய். தேதி தாண்டினால் தாண்டட்டும், அடுத்த தேர்வு வரும். வரச்சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அதையும், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல். நான் நடுவில் பேச மாட்டேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நீடூழி இரு, பொடிசு. மாப்பிள்ளைக்கும் என் ஆசி. மாத்திரை மறக்காதே.

கேட்கக் காத்திருக்கும்,
உன் அப்பா