ஜெனரேட்டருக்குப் போர்த்திய படுதா

இன்று திங்கட்கிழமை, அத்தை. காலை ஏழு மணிக்கு ஜெனரேட்டர் வழக்கம்போலத் தானாக உறுமிக் கிளம்பியது. கரண்ட் போகவில்லை. வாரம் ஒருமுறை அது தன்னைத்தானே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ள, உங்கள் மகன் கத்தாரில் உட்கார்ந்துகொண்டு குறித்த நேரம் அது. டீசல் வாடை ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் வந்தது. "சாம்பிராணி போடுற நேரத்துல இது ஒரு நாத்தம்" என்று நீங்கள் முணுமுணுப்பது நினைவுக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆயில் குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். சூடு ஏறினால் சிவப்பு எரியும், தெருவையே கூட்டுவதுபோலக் கத்தும், பிறகு தானே நின்றுவிடும். அதே சேதி அவர் போனுக்கும் போகும். திங்கட்கிழமை அது ஓடி முடித்ததும் பச்சை விளக்கை நான் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதனால் அன்று காலை எங்கும் நகர முடியாது. மற்ற நாட்களில் நகர முடியாததற்கு வேறு காரணங்கள் இருந்தன. முதல் காரணம் நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முழங்காலுக்காக லிஃப்ட், லிஃப்ட்டுக்காக ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்காக நான். குரும்பலூர்க் காட்டில் களையெடுத்தே தேய்ந்த கால்கள் என்று அவர் பெரம்பலூரில் இவ்வளவு உயரத்துக்கு வீட்டைக் கட்டி, உங்களை அதன் உச்சியில் உட்கார வைத்தார். அரியலூர்ப் பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, "அம்மாவ யாரு பாத்துக்கிறது?" என்று போனில் கேட்டார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீங்கள் "அதானே" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உங்களை மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்த ஐப்பசி மழை. நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கீழே போய், மக்காச்சோளம் காயப்போடும் படுதாவை ஜெனரேட்டர்மேல் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு மேலே வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. மத்தியானம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது. சாப்பிடலாம் என்று இருவரும் லிஃப்ட்டில் இறங்கினோம். பாதி வழியில் வெளியே அந்தக் கத்தல் கேட்டது. லிஃப்ட் நின்றது. இருட்டு. இப்படிச் சமயத்தில் கீழே இறக்கிவிட லிஃப்ட்டுக்குள் வைத்திருந்த பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அது சாவதைச் சொல்ல ஒரு விளக்கும் இல்லை. அவசர மணி மட்டும் வேலை செய்தது. அழுத்தினேன். நம் கூடத்திலேதான் அடித்தது. கேட்க வேண்டிய இரண்டு பேரும் உள்ளே இருந்தோம்.

"எதுக்குடி நின்னுச்சு?"

"சூடு ஏறியிருக்கும் அத்தை. காத்து போகலன்னா அது ஓடாது, நின்னுடும்."

"நான்தான் படுதாவப் போத்துனேன். இம்மாம் வெல குடுத்து வாங்குனது நனையுதேன்னு."

அப்போதுதான் சாப்பாட்டு மேசையில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. அவருக்குச் சேதி போய்விட்டது. கத்தாருக்குத் தெரிந்துவிட்டது, மழைச் சத்தத்தில் எதிர்வீட்டுக்குத் தெரியவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. "எடுக்கலன்னா திட்டுவாரு அத்தை" என்று நான் கதவைப் போட்டு அறைந்தேன். நீங்கள் இருட்டில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அடிக்கட்டும், வுடு. இந்த வூட்டுக்கு வந்த நாள்லேருந்து ஓடி ஓடித்தான எடுக்குற."

பிடியை விடாமலே சொன்னீர்கள்: "நல்லா இருக்கட்டும்னுதான் அதப் போத்துனேன். உன்னயும் அப்படித்தான் புள்ள வச்சிருக்கோம்." அழுதீர்கள். நானும் அழுதேன். வேர்வையும் பயமுமாக அந்தப் பெட்டிக்குள் நின்றபோதுதான் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

கரண்ட் வந்து லிஃப்ட் இறங்கியதும் போனை நீங்கள்தான் எடுத்தீர்கள். "மிசினு நல்லாத்தான்டா இருக்கு. நாங்கதான் மாட்டிக்கிட்டுக் கெடந்தோம். அவள வேலைக்கு அனுப்பு" என்றீர்கள். "பாக்கலாம்மா" என்றார். அந்தப் பாக்கலாம் முடிவதற்குள் தையில் நீங்கள் படுத்துவிட்டீர்கள். உங்களைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டியதெல்லாம் நானாக விரும்பிச் செய்தது. அதை யாரும் கட்டாயக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கருமாதி முடிந்து அவரிடம் மறுபடி கேட்டேன். "வூட்ட யாரு பாத்துக்கிறது?" என்றார். இனி காரணம் தீரவே தீராது என்று அப்போது புரிந்தது. உங்கள் கட்டில் காலியாக இருக்கிறது, நான் அதே இடத்தில் இருக்கிறேன்.

போன வாரம் அதே பள்ளியில் மறுபடி கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இன்று காலைதான் சேர வேண்டும்.

ஜெனரேட்டர் ஓடி முடித்து நின்றுவிட்டது, அத்தை. பச்சை விளக்குதான் எரிகிறது. நான் போட்டோ எடுக்கவில்லை. புடவையை மாற்றியாயிற்று, வாசல் கேட் சாவி மடியில் இருக்கிறது. அன்று நீங்கள் பிடித்த மணிக்கட்டை நானே பிடித்துக்கொள்கிறேன். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அடிக்கட்டும்.