மூன்றாவது தடவை அடைத்த பல்

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். வலது கடைவாய்ப் பல்லில் அடைத்தது மறுபடியும் போச்சு. முதலில் அடைத்தது கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட நிற்கவில்லை. இது இரண்டாவது. இடது பக்கம் பிடுங்கியாச்சு, மென்று தின்ன இந்தப் பக்கம்தான்.

எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியும். உப்பளப் பாத்தியில் விளைந்துவிட்டதா என்று ஒரு உப்புக் கல்லைக் கடித்துத்தான் பார்ப்பேன். நறுக்கென்று உடைந்தால் வாரலாம். முப்பது வருஷப் பழக்கம். முதல் தடவையும் அப்படித்தான் போனது. வீட்டில் சொல்லவில்லை.

வாங்க: கிராம்பு, ரவை, பீடத்துக்கு மெழுகுவர்த்தி.

மார்ச் 12, வியாழன்

கூனிமேடு பல் டாக்டர். சின்னப் பொண்ணு. இரண்டு தடவையும் அடைத்தது அவள்தான்.

"கல்லு கில்லு கடிச்சீங்களாம்மா?"

"இல்லம்மா, இட்லிதான்."

"இட்லிக்கா உடைஞ்சுது!"

அவள் முகம் வாடிப்போச்சு. மருந்து எடுத்துக் கொடுக்கும் நர்சிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது: "என் கைதான் சரியில்ல போல. ரெண்டு தடவையும் நிக்கலயே."

பிறகு என்னிடம், "எச்சி பட்டா மருந்து பிடிக்காது. நீங்க நடுநடுவுல பேசுறீங்க. நாளைக்கு ரப்பர் சீட் மாட்டித்தான் வேலை. மருந்தும் வேற வாங்கி வெச்சிருக்கேன். அடுக்கடுக்கா வேணாம், ஒரே மூச்சுல நெரப்பிடலாம். இதுவும் நிக்கலன்னா பிடுங்கணும்மா."

பஸ்ஸில் ஜெபமாலை. மனசு நிற்கவில்லை. தவக்காலத்தில் ஒரு பொய், அதுவும் இட்லி மேல் பழி.

மார்ச் 13, வெள்ளி

வாய்க்குள் ரப்பர் சீட். அதில் ஓட்டை, ஓட்டை வழியாக என் பல் மட்டும் வெளியே. பேச முடியாது. மாதாவே, இது எனக்கு நல்ல தவக்கால ஒறுத்தல். கையில் ஜெபமாலை, மனசுக்குள் துயர மறையுண்மை. ஐந்தில் மூன்றாவது முடியும் முன்னே நீல லைட் அடித்து, தேய்த்து, முடித்துவிட்டாள். முன்பெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகும்.

சீட்டை எடுத்ததும் வாய் தானாகப் பேசியது.

"உன் கைமேல தப்பில்லம்மா. நான் உப்புக் கல்லு கடிப்பேன். ரெண்டு தடவையும் அதாலதான் போச்சு."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் சிரித்தாள், அவள் சிரிக்கவில்லை.

"இட்லின்னு சொன்னீங்களே!"

"பொய்தான்."

"என் வேலையே சரியில்லன்னு நான் தூங்கலம்மா. மொதல்லயே சொல்லியிருந்தா..." கையுறையைக் கழற்றிப் போட்டாள். "இது ரொம்ப வருஷம் நிக்கும். நீங்க நிக்க விடணும்."

சாயந்தரம் சிலுவைப்பாதை. முட்டி வலி.

மார்ச் 16, திங்கள்

மூட்டம். மழை வந்தால் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும். மேஸ்திரி அவசரப்படுத்தினார். கூட வேலை செய்யும் செல்வி ஒரு கல்லை நீட்டினாள்.

"கடிச்சிச் சொல்லு அக்கா."

கை வாய் வரைக்கும் போய்விட்டது. கீழே இறக்கினேன்.

"அப்ப நான் கடிக்கவா?"

"வேணாண்டி. உனக்காவது எல்லாப் பல்லும் இருக்கட்டும்."

பலகை மேல் வைத்து மண்வெட்டிக் காம்பால் ஒரு தட்டு. இரண்டு பேரும் குனிந்து காது கொடுத்தோம். நறுக்கென்றுதான் கேட்டது. செல்வி என் முகத்தையே பார்த்தாள். இன்னொரு கல் வைத்துத் தட்டினேன், அதுவும் நறுக்கென்றது. வாரச் சொன்னேன்.